நோயின் மேல் எழுதிய பெயர்

ஹைதராபாத் நல்லகுண்டாவில் உள்ள அரசுத் தொற்றுநோய் மருத்துவமனைக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. பெயர்ப்பலகையில் இருப்பது சர் ரொனால்ட் ராஸ் வெப்பமண்டல, தொற்றுநோய் நிலையம். ஆட்டோக்காரருக்குப் புரிவது ஃபீவர் ஹாஸ்பிடல். பழைய ஆட்கள் சொல்வது கோரண்டி தவாகானா. குவாரண்டைன் என்ற சொல் உருது நாவிலும் தெலுங்கு நாவிலும் புரண்டு தேய்ந்து கோரண்டி ஆயிற்று. முதற்பெயர் ஓர் அறிஞரைச் சுட்டுகிறது. அடுத்தது நோயாளி உணரும் குறியைச் சுட்டுகிறது. மூன்றாவது, நோயுற்றவரைத் தனித்து வைத்த செயலைச் சுட்டுகிறது. மருத்துவத்தில் பெயரிடும் வழிகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கும். ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொண்டால் நான்கு. இவற்றுள் குறியால் வந்த பெயர் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும். ஆட்பெயரால் வந்த சொல்லும், எந்தச் சொல்லையும் இரண்டு மூன்று எழுத்தாகக் குறுக்கிவிடும் சுருக்கமும் அப்படியல்ல. அவற்றுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் யாராவது ஒருவர் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

ஆட்பெயர்ச் சொல்லைக் கேட்டதும், அந்த நோயையோ கிருமியையோ முதலில் கண்டவர் அவர்தான் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. பல இடங்களில் அது உண்மையல்ல. பெயரைச் சூட்டுபவர் பெரும்பாலும் வேறொருவர். அவர் எந்த ஆய்வேட்டைப் படித்திருந்தார், யாரை மதித்தார், எந்த நாட்டு இதழ் அவர் கைக்கு முதலில் வந்தது என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் புதைந்து கிடக்கின்றன. ஹைதராபாத்தையும் பழைய சென்னை மாகாணத்தையும் சுற்றி நடந்தவற்றைப் பார்த்தாலே இது விளங்கும்.

ராஸ் 1857இல் அல்மோராவில் பிறந்தவர். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்ற பாட்ரிக் மான்சனின் கருத்தை மெய்ப்பிக்க சிகந்தராபாத்தில் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். பயனில்லை, ஏனென்றால் அவை வேறு இனத்தவை. 1897 வசந்தத்தில் உதகைக்குப் போனபோது சிகூர் மலைச்சரிவில் அவருக்கே மலேரியா கண்டது. இறக்கையில் புள்ளிகள் கொண்ட, உடலைச் சாய்த்து உட்காரும் ஒரு கொசுவை அங்கே கவனித்தார். சிகந்தராபாத் திரும்பியதும் அதே வகைக் கொசுவை வளர்த்து, ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடிக்கவிட்டார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. 1897 ஆகஸ்ட் 20 அன்று பேகம்பேட்டில், அப்படிக் கடித்த ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் கருநிறமித் துகள்கள் அடங்கிய உருண்டை அணுக்களைக் கண்டார். மனித மலேரியாவின் கிருமி கொசுவுக்குள் வளர்கிறது என்பதற்கு அதுவே முதற் சான்று. 1902இல் நோபல் பரிசு வந்தது. கண்ட அந்த நாளுக்குக் கொசு நாள் என்று பெயர் வைத்தவரும் ராஸ்தான்.

இத்தனைக்குப் பிறகும் பாடநூல்களில் பரவலாக வழங்கும் நோயோ கிருமியோ எதுவும் ராஸின் பெயரில் இல்லை. நோய்ப் பரவலைக் கணிதமாக எழுதும் ராஸ்–மெக்டொனால்டு மாதிரியில் அவர் பெயர் இருக்கிறது; பேகம்பேட்டில் அவர் ஆய்வு செய்த கட்டடத்திலும் நல்லகுண்டா மருத்துவமனையிலும் இருக்கிறது. ஹுசேன் கானின் பெயரோ நூல்களின் ஓரத்தில் மட்டும் வாழ்கிறது. அந்த வயிற்றுச் சுவரில் காணப்பட்ட அணுக்கள் அவருடைய இரத்தத்திலிருந்து போனவை என்பதை மறந்துவிடலாகாது.

பிறருக்குப் பெயர் சூட்டும் வேலையை ராஸ் செய்திருக்கிறார். அதன் விளைவு இன்றும் ஒவ்வொரு மருத்துவ மாணவரின் நோட்டிலும் உண்டு. கல்கத்தாவுக்கு அருகில் டம்டம்மில் பணியாற்றிய சிப்பாய் ஒருவர் இங்கிலாந்தில் இறந்தபோது, அவருடைய மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் சில நுண்ணுருக்களைப் பார்த்தார். 1903 மே மாதம் அதை வெளியிட்டார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணிசெய்த சார்லஸ் டானவன் அதே காலத்தில் காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் நோயாளிகளின் மண்ணீரலில் அதே உருக்களைக் கண்டார். ஜூன் மாதம் உயிருள்ள ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியிலும் கண்டு, ஜூலையில் எழுதினார். லீஷ்மன் அவற்றை வேறொரு கிருமியின் சிதைவு என்றே கருதியிருந்தார். உயிருள்ள நோயாளியிடம் அவற்றைக் காட்டியவர் டானவன். யாருக்கு முதன்மை என்ற சச்சரவுக்கு நடுவே ராஸ் நுழைந்து, பேரினத்துக்கு ஒருவர் பெயரையும் சிற்றினத்துக்கு மற்றவர் பெயரையும் வைத்து லீஷ்மேனியா டானவனி என்று 1903 நவம்பரில் பெயரிட்டார். இருவரின் பெயர்களையும் சேர்த்த லீஷ்மன்–டானவன் உருக்கள், எல்டி பாடி என்று மேலும் சுருங்கின. நேர்மையான தீர்ப்புதான். ஆனால் தில்லிப் புண்ணில் இவ்வகை உருக்களை 1885லேயே விவரித்த கன்னிங்காமும், 1898இல் தாஷ்கண்டில் அவற்றை உயிரிகள் என்று இனங்கண்ட பரோவ்ஸ்கியும் அந்த இரண்டு எழுத்துக்குள் இடம் பெறவில்லை. கன்னிங்காம் எழுதியபோது அதன் பொருள் முழுமையாகப் புலப்படவில்லை. பரோவ்ஸ்கி எழுதியது ரஷ்ய மொழி. பெயர் பெறாமல் போவதற்கு இரண்டும் வழக்கமான காரணங்கள்.

டானவன் கதை அத்துடன் முடியவில்லை. பிறப்புறுப்பில் தோன்றும் ஒருவகைப் புண்ணில் 1905இல் சென்னையில் அவர் வேறு உருக்களைக் கண்டார். அவை டானவன் உருக்கள் என்றும், அந்த நோய் பிற்காலத்தில் டானவனோசிஸ் என்றும் பெயர் பெற்றன. முன்னது ஒட்டுண்ணி, பின்னது பாக்டீரியா. உறுப்பும் மருந்தும் வேறு. டானவன் உருக்கள், லீஷ்மன்–டானவன் உருக்கள் ஆகிய இரண்டையும் தேர்வுத்தாளில் மாற்றி எழுதாத மாணவர் குறைவு. ஒரே அறிஞர் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்தால் ஆட்பெயர் முறை இப்படித்தான் தடுமாறுகிறது.

மலேரியா ஆய்வக மேசைக்கு வந்தால் பெயர்கள் இன்னும் நெருக்கமாக நிற்கின்றன. விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் ஒரு பக்கம் தடிப்பாகவும், ஒரு பக்கம் மெல்லியதாக இழுத்தும் வைப்பார்கள். தடித்த பூச்சை 1903இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ராஸ். சாயம் ஏற்றுவதற்கு மருத்துவமனை ஆய்வகத்தில் லீஷ்மன் சாயம், மற்ற இடங்களில் கீம்சா சாயம். இந்திய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் ஆய்வகங்களில் மட்டும் ஜேஎஸ்பி என்ற மூன்றெழுத்து புட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். சாயமிடுபவர் மெல்லிய பூச்சை முதலில் மெத்தனாலில் உறையவிடுவார். இரண்டாம் எண் கரைசலில் நொடி நேரம் முக்கி, நீரில் அலசி, முதல் எண் கரைசலில் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் வைத்து, மறுபடி அலசி, சாய்த்து உலரவிடுவார். கிருமியின் உடல் நீலமாகவும் உட்கரு சிவப்பாகவும் தெரியும். ஜேஎஸ்பி என்பது ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இருவரின் பெயர். ஐரோப்பாவிலிருந்து சாயப்பொடி வருவது போரால் தடைப்பட்டிருந்த காலத்தில், 1944இல், மலிவாகவும் விரைவாகவும் நிறமேற்றும் வழியை இருவரும் வெளியிட்டனர். கோடிக்கணக்கான இரத்தப் பூச்சுகள் அந்தப் புட்டிகளின் வழியாகப் போயிருக்கின்றன. நாளெல்லாம் அந்தப் புட்டியைத் திறந்து மூடுபவர்களில் பலர் அதை ஏதோ வேதிப்பொருளின் சுருக்கம் என்றே எண்ணுகிறார்கள். சுருக்கம் ஆட்பெயருக்குச் செய்யும் பெரிய அநீதி இதுதான். பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

இதே நிலைமையில் இன்னும் பெரிய அளவில் நிற்பது பிசிஜி. குழந்தை பிறந்ததும் இடது மேற்கையில் போடும் ஊசியைத் தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் பிசிஜி என்றே சொல்வார்கள். பி என்பது நுண்ணுயிரியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல், சி கால்மெத், ஜி கெரென். இந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் 13 ஆண்டுகள் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தை அடக்கினர். 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தனர். இந்தியாவில் அதற்கான ஆய்வகம் 1948இல் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் அமைந்தது. தோளுக்குக் கீழே வட்டமாக உள்ள அந்தத் தழும்பு இரண்டு பேரின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

பெயர் கிடைத்தும் அது சிறிய இடத்தில் கிடைத்ததற்கு எல்லாப்பிரகட சுப்பாராவ் எடுத்துக்காட்டு. 1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். மாலிப்டேட்டுடன் சேர்ந்த பாஸ்பேட்டை ஒடுக்கினால் நீலம் பிறக்கும். நீலத்தின் அடர்த்தி பாஸ்பரசின் அளவு. உயிர்வேதியியல் செய்முறைக் கூடத்தில் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று மாணவர்கள் இன்றும் அதைக் குறிக்கிறார்கள். ஆனால் சுப்பாராவின் கை பட்டவற்றில் இது சிறியது. தசையில் ஆற்றலைத் தாங்கும் ஏடிபி மூலக்கூறை 1929இல் ஃபிஸ்க்கும் அவரும் இனங்கண்டனர். ஜெர்மனியில் லோமனும் தனியே கண்டார். பின்னர் லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமை தாங்கிய ஆய்வுக்குழு ஃபோலிக் அமிலத்தைத் தொகுத்தது, அதன் எதிர்ப்பொருள்களிலிருந்து புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட் வந்தது, நுண்ணுயிர்க்கொல்லியான ஆரியோமைசின் வந்தது, யானைக்காலுக்கான டைஎத்தில் கார்பமசின் வந்தது. ஏடிபி, எம்டிஎக்ஸ், டிஇசி என்று மூன்று எழுத்து மூன்று எழுத்தாக உலகம் அவற்றை வைத்திருக்கிறது. எதிலும் அவர் பெயர் இல்லை. 1948இல் 53 வயதில் அவர் இறந்த பின், ஒரு பூஞ்சையின் பேரினத்துக்கு மட்டும் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

யானைக்கால் நோயில் இந்தக் கணக்கு கண்ணெதிரே தெரிகிறது. தெலங்கானாவிலும் தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் வீடுவீடாகக் கொடுக்கப்பட்ட டிஇசி மாத்திரை எந்தப் புழுவைக் கொல்கிறதோ அதன் பெயர் வுச்சரேரியா பான்கிராஃப்டி. பிரேசிலில் இருந்த ஓட்டோ வுச்சரர், ஆஸ்திரேலியாவில் இருந்த ஜோசப் பான்கிராஃப்ட் ஆகிய இருவரும் அதற்குள் இருக்கிறார்கள். நோயைத் தரும் புழுவுக்கு இரண்டு பெயர். நோயைத் தீர்க்கும் மாத்திரைக்கு மூன்று எழுத்து. சுப்பாராவ் தன் பெயரை முன்னிறுத்தாதவர் என்பது உண்மை. ஆனாலும் காரணம் அது மட்டுமல்ல. கிருமிக்குப் பெயரிடும் அறிவியல் மரபில் ஆட்பெயருக்கு இடம் உண்டு. மருந்துக்குப் பெயரிடும் மரபு வேதியியலையும் வணிகத்தையும் பின்பற்றுகிறது. மருந்தைக் கண்டவர்கள் பொதுவாகவே பெயரில்லாமல் போவது இதனால்தான்.

ஹைதராபாத் தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையத்தை எல்லோரும் என்ஐஎன் என்பார்கள். அதன் வேர் நீலகிரியில் இருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவு வளர்ந்து, ஊட்டச்சத்து ஆய்வகங்கள் ஆகி, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அதை நெடுங்காலம் நடத்தியவர் 1918இல் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். அவர் பெயரில் ஒரு நோய் இருக்கிறது. உள்ளங்கால் தீயாய் எரியும், இரவில் மிகும், போர்வைக்குள் கால் வைக்க முடியாமல் நோயாளி ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1826இல் கிரியர்சன் என்ற மருத்துவர் இதைப் பதிவுசெய்திருந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் வைத்த சிறைமுகாம்களில் ஆயிரக்கணக்கானோர் இதனால் தவித்தனர். அரிசிச்சோறும் வறுமையும் சேர்ந்த தென்னிந்திய நோயாளிகளை ஆராய்ந்த கோபாலன், பாண்டோதெனிக் அமிலம் கொடுத்தால் எரிச்சல் தணிவதை 1946இல் எழுதினார். கிரியர்சன்–கோபாலன் நோய்க்குறித்தொகுப்பு என்ற பெயர் அப்படி வந்தது. தமிழில் இந்த நீளப் பெயருக்குத் தேவையே இல்லை. கால் எரிச்சல் என்றாலே நோயாளி சொல்வதும் மருத்துவர் எழுதுவதும் ஒன்றாகிவிடும். அது எந்தக் குறைவால் வந்தது என்று ஆராய்ந்தவரை நினைவில் வைக்கத்தான் ஆட்பெயர் வேண்டியிருக்கிறது.

என்ஐஎன் வரலாற்றில் இன்னும் இரண்டு அயல்நாட்டுப் பெயர்கள் ஊன்றி நிற்கின்றன. தெலங்கானாவின் சோளம் உண்ணும் கூலித் தொழிலாளர்களிடம் பெலாக்ரா நோய் காணப்பட்டது. வெயில் படும் இடங்களில் தோல் கருத்து வெடிக்கும். கழுத்தைச் சுற்றி அது மாலைபோல் படியும்போது அதைக் காசல் கழுத்தணி என்பார்கள். காஸ்பர் காசல் 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அஸ்தூரியாவில் ஏழை உழவர்களிடம் இதைக் கண்டவர். அங்கே மக்காச்சோளம், இங்கே சோளம். சோளத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பதே காரணமாகலாம் என்று கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல் எழுதினர். இருநூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு நாட்டு ஏழைகளின் கழுத்தில் ஒரே பெயர் விழுந்தது.

மற்றது பிடோ புள்ளி. வைட்டமின் ஏ குறைந்த குழந்தையின் கண்வெள்ளையில், கருவிழிக்குப் பக்கத்தில், சோப்பு நுரை காய்ந்ததுபோல் வெண்திட்டு தோன்றும். இமையை விரலால் விலக்கி வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் நுரையின் சிறு குமிழிகள்கூடத் தெரியும். 1863இல் போர்தோ நகரில் பியர் பிடோ அதை விவரித்தார். மாலைக்கண் முதல் பார்வையிழப்பு வரை உள்ள நிலைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் குறியெழுத்து கொடுத்தபோது மாலைக்கண் எக்ஸ்என் ஆயிற்று. பிடோ புள்ளி எக்ஸ்1பி ஆயிற்று. கருவிழி உருகுதல் எக்ஸ்3 ஆயிற்று. குறிப்பிட்ட இடைவெளியில் பேரளவு வைட்டமின் ஏ கொடுத்தால் குழந்தைகளின் கண்ணைக் காக்கலாம் என்று என்ஐஎன் செய்த ஆய்வின் மேல் 1970இல் தேசியத் திட்டம் எழுந்தது. இங்கே குறியெழுத்துக்குச் செய்ய வேலை இருந்தது. ஒரு கிராமத்தில் எத்தனை குழந்தைகள் எக்ஸ்1பி, எத்தனை எக்ஸ்3 என்று எண்ணினால்தான் திட்டம் பலன் தந்ததா என்று தெரியும். எண்ணுவதற்குச் சுருக்கம்போல் உதவுவது வேறில்லை.

ஊர்ப்பெயர்கள் தனிக்கதை. மதுரையில் ஜான் கில் 1842இல் விவரித்த பாத நோய் மதுரைப் பாதம் ஆயிற்று; அதைப் பூஞ்சை நோய் என்று பம்பாயில் நிறுவி மைசிட்டோமா என்று பெயரிட்டவர் ஹென்றி வேன்டைக் கார்ட்டர். கிரேயின் உடற்கூற்று நூலுக்கு 1858இல் எல்லாப் படங்களையும் வரைந்தவரும் இவர்தான். நூல் கிரேயின் பெயரில் நிற்கிறது. அந்தப் பூஞ்சையின் பேரினம் மதுரெல்லா. 1952இல் பெண்டேயும் உடனிருந்தோரும் கண்ட இரத்தவகை பம்பாய் வகை ஆயிற்று. மயக்கமருந்து நூல்களில் ஹைதராபாத் குழு என்று வருவது குளோரோஃபாம் பற்றியது. ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவர் எட்வர்ட் லாரி 1888இலும் 1889இலும், ஆறாம் நிஜாம் செலவை ஏற்க, நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை நடத்தி, குளோரோஃபாம் இதயத்தை முதலில் தாக்குவதில்லை, மூச்சைக் கவனித்தால் போதும் என்று முடிவு கூறினார். இரண்டாம் குழுவில் லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்தார். அந்தப் பள்ளியில் பயின்ற ரூபாபாய் ஃபுர்தூன்ஜியும் சோதனைகளில் பங்கேற்றார். முடிவு தவறு என்று 1911இல் லெவி காட்டினார்: மயக்கம் ஆழமாகாத நிலையிலேயே இதயம் துடிதுடித்து நின்றுவிடக்கூடும். தவறிய முடிவோடு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டால் ஊரே தவறியது போலாகிறது. நோயோடு ஒட்டிக்கொண்டால் இன்னும் கெடுதல். 1965இல் நாக்பூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் பெயரால் அமைந்த சாந்திபுரா வைரஸ், 2003இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 329 குழந்தைகளைத் தாக்கி 183 உயிர்களைப் பறித்தது. அந்த ஊருக்கும் இந்த மரணங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. புதிய தொற்றுநோய்களுக்கு ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015 மே மாதம் வழிகாட்டியது சரியானதே.

பழைய பெயர்களை மாற்றுவதும் நடக்கிறது. நாஜி இயக்கத்தோடு தொடர்புடையவர் என்பதால் வெகெனர் பெயர் 2011இல் ஓர் இரத்தக்குழாய் நோயிலிருந்து எடுக்கப்பட்டது. ரைட்டர் பெயரும் அவ்வாறே வழக்கிழந்தது. ஓர் இனத்தாரை இழிவுபடுத்திய மங்கோலிசம் என்ற சொல் 1965இல் கைவிடப்பட்டு டவுன் என்ற ஆட்பெயர் வந்தது. இங்கே ஆட்பெயர் காயத்தை ஆற்றியது. ஹான்சன் நோய் என்ற பெயரும் அப்படிப்பட்டதே. 1873இல் நார்வேயின் பெர்கனில் தொழுநோய்க் கிருமியைக் கண்ட ஹான்சனின் பெயரை, அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் அடைபட்டிருந்த நோயாளிகளே வேண்டிப் போராடினார்கள். தமிழ் அதே வேலையை வேறு வழியில் செய்தது: குட்டம் என்ற வன்சொல்லைத் தள்ளிப் பெருநோய், தொழுநோய் என்றது.

ஆங்கிலத்தில் டவுனின் நோய் என்பதா டவுன் நோய் என்பதா என்று நீண்ட வாதம் நடந்தது; உடைமைக் குறி வந்தால் அந்த மருத்துவருக்கே அந்த நோய் இருந்ததுபோல் ஒலிக்கிறது என்பது ஒரு தரப்பு. தமிழில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. பார்க்கின்சன் நோய் என்று உருபு தொக்கி நிற்கும்போது அது அவருக்கு வந்ததா அவர் கண்டதா என்ற கேள்வியே மறைந்துவிடுகிறது. பார்க்கின்சனின் நோய் என்று மொழிபெயர்ப்பில் எழுதுவோர் இல்லாத சிக்கலைக் கொண்டுவருகிறார்கள். நோயாளியின் பெயரே நோய்க்கு வந்ததும் உண்டு. இரத்தம் உறையாமையின் ஒரு வகைக்குக் கிறிஸ்துமஸ் நோய் என்று பெயர். 1952இல் அந்தக் குறைபாடு காணப்பட்ட சிறுவனின் குடும்பப் பெயர் கிறிஸ்துமஸ். பண்டிகைக்கும் அதற்கும் உறவில்லை.

மருத்துவமனைக் கோப்பில் இந்தச் சொற்கள் எப்படி வந்து விழுகின்றன என்பதற்கு வழக்கமான ஒரு வரி போதும்: கே/சி/ஓ டி2டிஎம், ஓல்ட் காக்ஸ், சி/ஓ ஃபீவர் 5 டேஸ். முதல் மூன்றெழுத்து, ஏற்கெனவே அறிந்த நோயர் என்று பொருள்படும். டி2டிஎம், இரண்டாம் வகை நீரிழிவு. சி/ஓ, நோயாளி சொல்லும் முறையீடு. நடுவில் உள்ள காக்ஸ்தான் கவனிக்க வேண்டியது. 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியை அறிவித்த ராபர்ட் கோக்கின் பெயர் அது. டிபி என்று எழுதினால் நோயாளியும் உடன் வந்தவரும் படித்துவிடுவார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அந்த இரண்டெழுத்து என்ன செய்யும் என்று மருத்துவருக்குத் தெரியும். அதனால் இந்திய மருத்துவர்கள் காக்ஸ் என்று எழுதினார்கள். வயிற்றுக் காசநோய் அப்டாமினல் காக்ஸ்; மருந்து ஏகேடி, அதாவது கோக் எதிர்ப்பு மருத்துவம். முதுகெலும்புக் காசநோய்க்கு 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் பெர்சிவல் பாட்டின் பெயரால் பாட்ஸ் ஸ்பைன் என்ற மறைப்பு ஏற்கெனவே இருந்தது. கனிவில் பிறந்த வழக்கம்தான். ஆனால் தனக்கு இருப்பது காசநோய் என்றே அறியாத நோயாளி ஆறு மாத மாத்திரையை இரண்டாம் மாதம் நிறுத்துவார். வீட்டில் உள்ள குழந்தையைச் சோதிக்க அழைத்துவர மாட்டார். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் வீட்டிலிருந்தே மருந்து உண்டு குணமாகலாம் என்று உலகுக்கே காட்டியது; அந்த முறை முழுவதும் நோயாளி அறிந்து ஒத்துழைப்பதன் மேல் நிற்கிறது. அவர் கையில் தரும் தாளில் காசநோய் என்றே எழுதுவதுதான் முறை.

மருந்துச் சீட்டின் சுருக்கங்கள் பெரும்பாலும் லத்தீன் மிச்சங்கள். எஸ்ஓஎஸ் என்பது தேவைப்பட்டால், எச்எஸ் படுக்கும்போது, பிடி இருவேளை. ஓடி இந்தியச் சீட்டுகளில் நாளுக்கு ஒருமுறை. கண் மருத்துவச் சீட்டில் வலக்கண். இன்சுலின் 10 என்ற எண்ணுக்குப் பின் அலகைக் குறிக்கும் யு எழுத்தை நெருக்கி எழுதினால் அது சுழியாகித் தெரிந்து 100 ஆகிவிடும். சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய மெத்தோட்ரெக்சேட் இதில் மிக ஆபத்தானது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை உண்ண வேண்டிய அதை நாள்தோறும் உண்டால் எலும்பு மச்சை அழிந்து உயிர் போகும். எம்டிஎக்ஸ் என்ற சுருக்கம் மைட்டோசான்ட்ரோன் என்ற வேறொரு மருந்தாகவும் படிக்கப்படுவதால் மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழுமம் 2016இல் விதித்தது. நம் மருத்துவர்கள் எழுதும் 1-0-1 இதற்கெல்லாம் மேலானது. காலை, மதியம், இரவு என்ற வரிசை தெரிந்தால் எம்மொழியினரும் படித்துக்கொள்வார்கள்.

கணினிப் பதிவு வந்த பின் பெயருக்கும் சுருக்கத்துக்கும் மேல் குறியீட்டு எண் ஏறியிருக்கிறது. பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் காலா அசார் பி55.0, பெலாக்ரா ஈ52. எண்ணுக்கு எதிரே உள்ள விளக்கத்தில் பழைய பெயர்கள் பல விடைபெற்றுவிட்டன. சில விடைபெறவில்லை. ஏ30க்கு எதிரே தொழுநோய், அடைப்புக்குறிக்குள் ஹான்சன் நோய். ஏ58க்குக் கீழே டானவனோசிஸ். ஈ50.1க்கு எதிரே பிடோ புள்ளி.